மையும் மையும் ஒட்டாத இடம்

அச்சோவியக் கலைஞர் கிருஷ்ணா ரெட்டியின் ‘சுழல்’ (1963) அச்சோவியத்தைப் பார்த்த கும்பகோணம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “இத்தனை நிறமும் ஒரே தகட்டிலிருந்து, ஒரே அழுத்தலில் வந்தது என்கிறார்களே, நிறங்கள் ஏன் கலந்து சேறாகவில்லை?” சரியான கேள்வி. அருங்காட்சியகங்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை. படத்துக்குக் கீழே ‘பலநிறச் செதுக்கச்சு’ என்று ஒரு வரிச் சீட்டு, அவ்வளவுதான்.

ரெட்டி 1925-இல் சித்தூர் பக்கம் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்தார், சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தார், லண்டன் வழியாகப் பாரிஸ் போனார். கடைசியில் நியூயார்க், 2018-இல் காலமானதும் அங்கேதான். பாரிஸில் அவர் சேர்ந்த பட்டறை ‘அத்தெலியே 17’. அதை நடத்திய ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டர் வேதியியல் படித்துவிட்டு ஈரானின் அபதானில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவரும் ரெட்டியும் பம்பாய்க்காரரான கைக்கோ மோட்டியும் அந்தப் பாரிஸ் பட்டறையில் வளர்த்தெடுத்த முறைதான் பாகுநிலை அச்சு: மை எவ்வளவு இளகியது, எவ்வளவு கெட்டி என்பதை வைத்தே நிறங்களைப் பிரிக்கும் முறை. பெயரிலேயே பாகு இருக்கிறது. அதிரசத்துக்கு வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும்.

தரங்கம்பாடியில் 1713-இல் தமிழை அச்சடித்த ஈய எழுத்துகளில் மேடுதான் மை வாங்கும். செப்புத் தகட்டு அச்சு நேர் எதிர்: பள்ளத்தில் மை, மேடு துடைத்துச் சுத்தம். நனைத்த பருத்திக் காகிதத்தை மேலே வைத்துக் கனமான உருளைகளுக்கிடையே தள்ளினால், காகிதம் பள்ளத்துக்குள் போய் மையை எடுத்துவரும். பல நிறம் வேண்டுமென்றால் வழக்கமாக நிறத்துக்கொரு தகடு. மயிரிழை விலகினாலும் படம் கெட்டது.

ரெட்டியின் தகடு ஒன்றுதான், ஆனால் அதற்குப் பல மட்டங்கள். தஞ்சாவூர்க் கலைத்தட்டைத் தடவினால் மேடும் பள்ளமும் படிப்படியாகத் தட்டுப்படுமே, அதுபோல. அமிலத்தால் அரித்தும் கைக்கருவியால் சுரண்டியும் இந்த மட்டங்களை உண்டாக்குவார்கள். முதலில் கெட்டி மையைப் பள்ளங்களில் தேய்த்து, கஞ்சி போட்ட வலைத்துணியால் மேல்பரப்பைத் துடைப்பார்கள். அடுத்து, கடினமான ரப்பர் உருளையில் எண்ணெய் கூடிய இளகிய மையைத் தடவி, அழுத்தாமல் ஓட்டுவார்கள். அது உச்சி மேட்டை மட்டும் தொடும். மூன்றாவதாக மெத்தென்ற உருளை, அதில் எண்ணெய் குறைந்த கெட்டி மை. இதை அழுத்தி ஓட்டினால் ரப்பர் பிதுங்கி அடுத்த மட்டத்துக்கும் இறங்கும்.

இங்கேதான் வாசகரின் கேள்வி வருகிறது. மெத்தென்ற உருளை உச்சி மேட்டின் மேலும்தானே ஓடுகிறது? அங்கே ஏற்கெனவே வேறு நிறம் இருக்கிறதே?

‘எண்ணெய் மை கெட்டி மையைத் தள்ளிவிடும்’ என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. யாரும் யாரையும் தள்ளவில்லை. இரண்டிலும் இருப்பது ஆளிவிதை எண்ணெய்தான். நடப்பது வேறு. உருளை விலகும்போது நடுவிலிருக்கும் மைப்படலம் எங்காவது பிரிந்தாக வேண்டும். அடுக்குகளில் எது இளகியதோ, அது பிரியும்.

பரம்படித்த வயலில் கால் வைத்து எடுத்துப் பாருங்கள். அடியில் கெட்டிக் களி, மேலே கரைந்த குழம்பு. களி இருந்த இடத்திலேயே இருக்கும். குழம்புதான் பாதி காலோடும் பாதி களிமேலுமாகப் பிரியும். இப்போது அடுக்கைத் திருப்புங்கள். காலில் களி அப்பியிருக்கிறது, சிமெண்டுக் களத்தில் குழம்பு சிந்திக் கிடக்கிறது. மிதித்து எடுத்தால்? களி காலோடு திரும்பிவிடும், கொஞ்சம் குழம்பையும் ஒட்டிக்கொண்டு. களத்தில் மிஞ்சுவது குழம்பு மட்டும்.

இரண்டாவது காட்சிதான் ரெட்டியின் தகடு. தகட்டில் இளகிய மை, உருளையில் கெட்டி மை: கெட்டி மை உருளையோடு போய்விடுகிறது, மேட்டில் பழைய நிறம் அப்படியே நிற்கிறது. கீழ்மட்டத்தில் இடையே இளகிய மை இல்லாததால் அங்கே கெட்டி மை உட்கார்ந்துகொள்கிறது. உருளைகளின் வரிசையை மாற்றிக் கெட்டி மையை முதலில் ஓட்டினால் முதல் காட்சி: இரண்டாவது மை அதன்மேல் படிந்து நிறம் கலக்கும். சிவகாசி ஆப்செட்காரர்களுக்குக் கலப்புதான் வேண்டும்; அதனால் ஒட்டு அதிகமான மையை முதலில் ஓட்டி, அடுத்தடுத்ததைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். விதி ஒன்றுதான்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் உருளை கொஞ்சம் இளகிய மையைத் திருடிக்கொண்டு வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு சுற்று முடிந்து அதே இடம் மறுபடி தகட்டைத் தொட்டால், திருடியது வேறிடத்தில் விழுந்து பட்டை தெரியும். ஆகவே உருளையின் சுற்றளவு தகட்டின் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 30 செ.மீ. தகட்டுக்கு விட்டம் 10 செ.மீ.யாவது தேவை, சுற்றளவு 31.4 செ.மீ. வரும். சின்ன உருளையை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இன்னொரு எதிரி நம்மூர் வெயில். மை சூடானால் இளகும். சித்திரை மதியத்தில் கெட்டி மை முன்னைவிட இளகி, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கி, காலையில் சுத்தமாக வந்த அச்சு மதியம் மங்கலாக வரும். உடனே ‘கைராசி’ என்று பேச்சு கிளம்பும். கைராசிக்கு இதில் வேலையில்லை. கத்தியில் மையை எடுத்துச் சாய்த்தால் இளகியது நூல் அறாமல் ஒழுக வேண்டும், கெட்டியானது தொங்கி நிற்க வேண்டும். ஒழுகாவிட்டால் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம். தொங்காவிட்டால் மெக்னீசியம் கார்பனேட் தூள். கும்பகோணத்துக் கவின் கலைக் கல்லூரி மாணவர்களும் பக்கத்துப் பொறியியல் மாணவர்களும் ஒரு பாகுநிலைமானியோடு (மையின் கெட்டித்தன்மையை அளக்கும் கருவி) ஒரு மேசையில் உட்கார்ந்தால் இதையெல்லாம் எண்ணாகவே எழுதிவிடலாம். இதற்குக் கோடிக்கணக்கில் நிதி வேண்டாம்; ஆனால் இரண்டு துறை சேர்ந்த விண்ணப்பத்துக்கு நம் நாட்டில் எந்த மேசையும் பொறுப்பேற்பதில்லை.

2016-17-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஹேய்ட்டர், ரெட்டி, அதே பட்டறையில் பயின்ற சரீனா ஹாஷ்மி மூவரையும் சேர்த்துக் கண்காட்சி வைத்தது. இத்தகைய காகிதப் படைப்புகளுக்கு வழக்கமாக 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம்தான், அதுவும் சில மாதங்களுக்கு. அதிகமானால் காகிதமும் நிறமும் கெடும். அப்படி ஓர் அரங்கில் ரெட்டியின் படத்துக்கு முன்னால் நிற்க நேர்ந்தால் நேராகப் பார்த்துவிட்டு நகராதீர்கள். ஒரு பக்கமாகப் போய், தலையைச் சாய்த்துப் பாருங்கள். காகிதத்தில் அதிகமாகப் புடைத்து நிற்கும் கோடு தகட்டின் ஆழமான பள்ளம். அதிலிருப்பது முதலில் தேய்த்த மை. தாழ்ந்து தட்டையாகத் தெரியும் நிறம், அழுத்தாமல் ஓடிய கடின உருளையுடையது.