நிலத்துக்கு பில்டர் எவ்வளவு கட்டியிருக்கிறார்?

போன மாதம் ஒரு தமிழ்த் தம்பதி வந்திருந்தார்கள். நொய்டாவில் ஒன்பது வருடமாகச் சொந்த ஃப்ளாட்டில் குடியிருக்கிறார்கள். ரிஜிஸ்ட்ரி, அதாவது வீட்டை அவர்கள் பெயரில் பதிவு செய்வது, மட்டும் ஆகவில்லை. “நாங்க ஒரு பைசா பாக்கி வைக்கலையே சார்” என்றார் அந்த அம்மா. அது உண்மைதான். பாக்கி வைத்தது பில்டர். அதுவும் நிலத்துக்கு.

தில்லியில் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் தொழில். இந்தக் கதையை நான் கேட்காத மாதம் கிடையாது.

நொய்டாவில் நிலம் அரசின் ஆணையத்துக்குச் சொந்தம். விவசாயிகளிடம் கையகப்படுத்திய நிலத்தை மனைகளாக்கி, டெண்டர் விட்டு, 90 வருடக் குத்தகைக்கு பில்டர்களிடம் கொடுக்கிறது. அதிக விலை கேட்டவருக்கு மனை. இதில் தப்பில்லை. கோளாறு தவணையில் இருந்தது. ஒரு காலத்தில் விலையில் 10 சதவீதம் கட்டினாலே மனை கைக்கு வந்துவிட்டது; மிச்சத்தைப் பல வருடங்களில் கட்டலாம். அதாவது 100 கோடி மனைக்குக் கையிலிருந்து 10 கோடி போதும். இப்படி இருந்தால் யார்தான் விலையை ஏற்றிக் கேட்க மாட்டார்கள்? வீடு வாங்க வந்தவர்களின் முன்பணம் வேறு பக்கம் போனது, ஆணையத்தின் தவணை நின்றது. பாக்கி தீராமல் ஆணையம் ரிஜிஸ்ட்ரிக்குக் கையெழுத்திடாது.

ஆம்ரபாலி என்ற பில்டர் நிறுவனத்தின் வழக்கில் சுமார் 42,000 குடும்பங்கள் மாட்டிக்கொண்டது இப்படித்தான். 2019 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவையும் குத்தகைகளையும் ரத்து செய்தது. கட்டி முடிக்கும் வேலையை மத்திய அரசின் கட்டுமான நிறுவனமான என்பிசிசியிடம் கொடுத்தது. பாக்கியை வசூலிக்காமல் விட்ட ஆணையங்களையும் கண்டித்தது. அந்தப் பாக்கிக்காக வீடுகளில் கைவைக்கக் கூடாது என்றது. ஆனால் அது அந்த வழக்கில் இருந்தவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. மற்றவர்கள் இன்னும் அலைகிறார்கள். 2023 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு கொண்டுவந்த சலுகைத் திட்டத்தில், பாக்கியில் 25 சதவீதத்தை பில்டர் முதலில் கட்டினால் ரிஜிஸ்ட்ரிக்கு வழி கிடைத்தது. கட்டாத பில்டரிடம் வாங்கியவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரிலும் அரசு நிலம் டெண்டரில்தான் போகிறது. ஆனால் அங்கே 28 நாளில் கால் பங்கு, 90 நாளுக்குள் மீதி முழுவதும் கட்டியாக வேண்டும். விலை போதவில்லை என்றால் கொடுக்கவும் மாட்டார்கள். 2024-ல் மரினா கார்டன்ஸ் கிரசென்ட் மனைக்கு ஒரே ஒரு டெண்டர்தான் வந்தது; விலை போதாது என்று அதை நிராகரித்தார்கள். முழுப் பணமும் முதலிலேயே போக வேண்டுமென்றால், கேட்கிறவர் தன் பலத்தை யோசித்துத்தான் கேட்பார்.

சரி, நொய்டா பக்கம் வீடு பார்க்கிறீர்கள் என்றால் மாதிரி ஃப்ளாட்டைப் பார்க்கும் முன் குத்தகைப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். தவணை அட்டவணை அதிலேயே இருக்கும். கடைசியாக ஆணையத்துக்குக் கட்டிய ரசீதையும் அதனுடன் ஒப்பிடுங்கள். மனையை வங்கியில் அடமானம் வைத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். ரிஜிஸ்ட்ரி முத்தரப்புப் பத்திரம். நீங்களும் பில்டரும் மட்டும் கையெழுத்திட்டால் போதாது, ஆணையமும் இட வேண்டும். அதனால் “அது எங்களுக்கும் ஆணையத்துக்கும் உள்ள கணக்கு” என்று விற்பனைப் பிரிவில் சொன்னால் நம்பாதீர்கள். ரசீது கைக்கு வரும்வரை முன்பணம் வேண்டாம்.