சான்று கேட்காத சிகிச்சை: அமெரிக்க முன்னாள் படைவீராங்கனைகளுக்கான மனநல உரிமைகள்

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையை அங்கே எல்லாரும் வி.ஏ. என்றுதான் சொல்வார்கள். அதன் குறிக்கோள் வாசகம், 1865-இல் ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய உரையிலிருந்து எடுத்தது. போரைச் சுமந்தவனையும் அவனுடைய விதவையையும் அநாதைப் பிள்ளையையும் பேணுவோம் என்பது அதன் சாரம். அந்த "அவன்" 2023 மார்ச்சில்தான் மாறியது. அதுவரை பெண்ணுக்கு அந்த வாசகத்தில் விதவையின் இடம் மட்டுமே இருந்தது.

வாசகத்தை மாற்றிய வேகத்தில் வரவேற்பு மேசையை மாற்ற முடியவில்லை. வி.ஏ. மருத்துவமனைக்குப் போகும் முன்னாள் படைவீராங்கனைகள் பலர் ஒரே அனுபவத்தைச் சொல்கிறார்கள். "கணவர் பெயர் என்ன?" என்று கேட்பார்களாம். பணியாற்றியது நான்தான் என்று அங்கேயே விளக்க வேண்டும். தூக்கம் இல்லை, கூட்டத்தைக் கண்டால் நடுங்குகிறது என்று சொல்ல வந்தவர், முதலில் தான் யார் என்பதை நிரூபித்தாக வேண்டும். அதோடு திரும்பிப் போய்விடுகிறவர்களும் உண்டு.

முன்னாள் படைவீராங்கனைகள் அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் பேர். படையில் இருந்தபோது மனச்சோர்வைச் சொன்னால் பலவீனம் என்பார்கள். பெண் சொன்னால், "பெண்களைச் சேர்த்தால் இப்படித்தான்" என்ற பேச்சும் கூட வரும். அங்கே பழகிய மௌனம் சீருடையோடு கழன்றுவிடுவதில்லை. நம்மவர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. 2009-இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தில், குடியுரிமை இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காக அமெரிக்கப் படையில் சேர்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது.

"வெட்கப்படாதீர்கள்" என்ற சுவரொட்டிகளால் பெரிதாக எதுவும் நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. வெட்கத்தைக் குறைப்பது, கேள்வி கேட்காத விதிகள்தான். அப்படிப்பட்ட விதிகள் சில இருக்கின்றன.

முதலாவது, எம்.எஸ்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பணிக்காலப் பாலியல் வன்முறைக்கான சிகிச்சை. பாலியல் தாக்குதலும், மிரட்டும் வகையிலான தொடர் சீண்டலும் இதில் அடங்கும். முகாமுக்கு உள்ளேயா வெளியேயா, பணி நேரமா விடுப்பா என்ற வேறுபாடு கிடையாது. வி.ஏ. சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். பெண்களில் மூவரில் ஒருவர் "ஆம்" என்கிறார். ஆண்களில் ஐம்பதில் ஒருவர். இதனால் ஏற்பட்ட உடல், மன பாதிப்புகளுக்குச் சிகிச்சை இலவசம். அன்றைக்கே புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை. எந்த ஆவணமும் வேண்டாம். முப்பது ஆண்டு கழித்து வந்தாலும் தடையில்லை. மற்ற வி.ஏ. சிகிச்சைக்குத் தகுதி இல்லாத பலருக்கும் இது மட்டும் கிடைக்கும். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கலாம். ஒவ்வொரு வி.ஏ. மருத்துவமனையிலும் இதற்கென்று ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார், வரவேற்பில் "எம்.எஸ்.டி. ஒருங்கிணைப்பாளரைப் பார்க்க வேண்டும்" என்றால் போதும், கதையை அங்கே சொல்ல வேண்டியதில்லை.

சிகிச்சையையும் இழப்பீட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாதாமாதம் வரும் இழப்பீட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; அங்கே ஆதாரம் கேட்பார்கள். ஆனால் புகார்ப் பதிவு இல்லை என்பதால் மட்டும் கதவு அடைபடாது. தோழிக்கு அப்போது எழுதிய கடிதம், கர்ப்பப் பரிசோதனைச் சீட்டு, திடீரென்று கேட்ட இடமாற்றம், நன்றாக வேலை செய்தவரின் மதிப்பீட்டு அறிக்கை சரிந்தது போன்ற மறைமுகத் தடயங்களையும் விதி ஏற்கிறது. இவற்றை எடைபோடுவது ஓர் அதிகாரி என்பதால், எல்லார் அனுபவமும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

மருத்துவமனைப் படியே ஏற மாட்டேன் என்பவர்களுக்கு வெட் சென்டர் என்ற ஆலோசனை மையம் இருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்காக 1979-இல் தொடங்கியது; இன்று நாடெங்கும் 300-க்கு மேல். பெரும்பாலும் கடைகளும் அலுவலகங்களும் உள்ள சாதாரணக் கட்டடங்களில் இயங்குகின்றன. போர்முனையில் இருந்தவர்களும் எம்.எஸ்.டி.க்கு ஆளானவர்களும், வி.ஏ. சிகிச்சைக்குப் பதிவு செய்யாமலேயே இங்கே இலவச ஆலோசனை பெறலாம். இங்கே பேசியது தனிக் கோப்பில் இருக்கும். உயிராபத்தைத் தடுக்க வேண்டிய நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, உங்கள் ஒப்புதல் இல்லாமல் அது வி.ஏ. மருத்துவமனைக்கோ ராணுவத்துக்கோ போகாது.

வேலை போய்விடுமோ என்ற பயமும் பலரைத் தடுக்கிறது. படையை விட்டு வந்தவர்கள், அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளப் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலைகளுக்குப் போவது வழக்கம். மனநல ஆலோசனை பெற்றார் என்ற ஒன்றை மட்டுமே வைத்து அனுமதிக்கு எதிராக முடிவு செய்யக் கூடாது என்று வழிகாட்டு விதியிலேயே எழுதியிருக்கிறது.

தற்கொலை எண்ணம் தலைதூக்கும் நெருக்கடிக்கு, 2023 ஜனவரி 17 முதல் புதிய விதி. தகுதியுள்ளவர்கள் வி.ஏ. அல்லாத தனியார் மருத்துவமனையில் சேர்ந்தாலும் செலவு அரசுடையது: உள்நோயாளியாக 30 நாள் வரை, புறநோயாளியாக 90 நாள் வரை. உடனே பேச 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்த வேண்டும். பெண்களுக்கான தகவல் எண் தனி: 1-855-829-6636.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், "நீ வெட்டரனா?", அதாவது முன்னாள் படைவீரரா, என்று கேட்காதீர்கள். போர்முனைக்குப் போகாத பல பெண்கள், அந்தச் சொல் தங்களுக்கு உரியது என்றே நினைப்பதில்லை. "படையில் வேலை பார்த்தாய் அல்லவா, டிடி 214 எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேளுங்கள். அதுதான் பணிவிடுப்புச் சான்றிதழ். அது கிடைக்கவில்லை என்றாலும், வெட் சென்டர்காரர்களே தேடி எடுக்க உதவுவார்கள்.