மீள்திறன்: 'கம்யூனிட்டி ரெசிலியன்ஸ்'ங்குறதுக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்துச்சு, தமிழ்ல எப்படிச் சொல்றது

பேரிடர் மேலாண்மை பத்தி எந்த அறிக்கையை எடுத்தாலும் 'கம்யூனிட்டி ரெசிலியன்ஸ்' வந்து நிக்குது, அதாவது ஆபத்து வந்தா ஒரு ஊர் சமாளிச்சு மீள்ற திறன். தமிழ்ல எழுதுறவங்க அதை தாங்குதிறன், நெகிழ்திறன், மீண்டெழும் தன்மை, தாக்குப்பிடிக்கும் சக்தி, மீள்திறன்னு ஆளுக்கு ஒன்னா எழுதுறாங்க, சில சமயம் ஒரே கட்டுரையிலேயே மூணு சொல் வருது, படிக்கிறவங்க மூணும் வேற வேற விஷயம்னு நினைச்சுக்குறாங்க. நான் மீள்திறன்ங்குற சொல்லுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி மூலச் சொல் எங்கெல்லாம் சுத்திட்டு வந்துச்சுன்னு பாத்துடுவோம், ஏன்னா குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது.

லத்தீன்ல 'ரெசிலிரே'ன்னு ஒரு வினைச்சொல். பின்னால துள்ளுறது, பட்டுத் திரும்புறதுன்னு அர்த்தம். 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ஃபிரான்சிஸ் பேக்கன் எதிரொலியைப் பத்தி எழுதும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்துறார், அதாவது ஒலி ஒரு சுவத்துல பட்டுத் திரும்பி வர்றது. 19ஆம் நூற்றாண்டுல பொறியாளர்கள் கைக்குப் போகுது. மரக்கட்டையும் இரும்பும் எவ்வளவு அடி வாங்கினா உடையாம நிக்கும்னு கணக்குப் போடுறவங்களுக்கு இது தேவைப்பட்டுச்சு. இன்னைக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்ல இதுக்கு ஒரு துல்லியமான அர்த்தம் உண்டு: ஒரு பொருள் நிரந்தரமா உருமாறாம எவ்வளவு ஆற்றலை உள்வாங்கிட்டு, சுமையை எடுத்ததும் திருப்பிக் கொடுக்குதுங்குறதுதான் அது. வளைச்ச கம்பி விட்டதும் பழைய வடிவத்துக்கே வந்துடணும். இந்த 'பழைய வடிவம்'ங்குற எண்ணம் சொல்லோட அப்படியே ஒட்டிக்கிச்சு, பின்னாடி மனுஷங்களுக்குப் பயன்படுத்தும்போது பெரிய தொந்தரவு கொடுத்ததும் இதுதான்.

1973ல கனடாவைச் சேர்ந்த சூழலியல் அறிஞர் ஹோலிங் ஒரு கட்டுரை எழுதுறார், அர்த்தம் தலைகீழாத் திரும்புறது அங்கதான். ஃபிர், ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரங்களைத் தின்னு தீர்க்குற ஒரு வகைப் புழுவை உதாரணமா எடுத்துக்குறார். சில வருஷம் அந்தப் புழு கண்ணுலயே படாது, திடீர்னு ஒரு காலகட்டத்துல பெருகி காட்டையே மொட்டையாக்கிடும், அப்புறம் மறுபடியும் அடங்கிடும், மரங்களோட விகிதம் மாறும், ஆனா காடு காடாவே தொடரும். ஒரே நிலையில அசையாம இருக்குறது ஸ்திரத்தன்மை, எவ்வளவு ஆட்டம் கண்டாலும் அடிப்படை உறவுகள் அறுந்துபோகாம தொடர்றது ரெசிலியன்ஸ், இது ரெண்டும் வேற வேறன்னு சொன்னார். அதுமட்டுமில்ல, ரொம்ப ஸ்திரமா தெரியுற ஒரு அமைப்பு உள்ளுக்குள்ள ரொம்பப் பலவீனமா இருக்கலாம்னும் அதுல இருந்து புரியுது. ஒரே தொழில், ஒரே முதலாளி, ஒரே தண்ணி மூலம்னு பல வருஷமா பிரச்சனையே இல்லாம ஓடிட்டு இருக்குற ஊரை நினைச்சுப் பாருங்க, அந்த ஒன்னு போனா என்ன ஆகும்.

அதே காலத்துல உளவியல்லயும் இந்தச் சொல் நுழைஞ்சுது. ஹவாயில உள்ள கவாய் தீவுல 1955ல பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவங்க குழுவும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிச்சாங்க. வறுமை, குடும்பத்துல சண்டை, பெற்றோரோட மனநோய்னு பல சுமை சேர்ந்து விழுந்த பிள்ளைகள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் நல்லபடியா வளர்ந்து நின்னாங்க. அந்தப் பிள்ளைகள்கிட்ட ஏதோ பிறவி வலிமை இருந்துச்சுன்னு இதைச் சுருக்கிடக் கூடாது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ டீச்சரோ பக்கத்து வீட்டுக்காரரோ, நம்பி நிக்க ஒரு பெரியவங்க அவங்களுக்கு இருந்தாங்கங்குறது அந்த ஆய்வுல திரும்பத் திரும்பத் தெரிஞ்ச விஷயம். தனி மனுஷனோட திறன்னு பேசுறப்பவே பக்கத்துல இன்னொரு ஆள் வந்துடுறார் பாருங்க.

அப்புறம் ஐ.நா. பேரிடர் ஆபத்தைக் குறைக்குறதுக்காக 2005ல ஹியோகோ செயல்திட்டம், 2015ல செண்டாய் செயல்திட்டம், ரெண்டும் ஜப்பான்ல நடந்த மாநாடுகள்ல ஏத்துக்கிட்டது. செண்டாய் திட்டம் 2030 வரைக்கும் ஓடுது. அதுக்கப்புறம் இந்தச் சொல் எல்லா அரசுக் கோப்புலயும் ஏறிடுச்சு. ஐ.நா. கொடுக்குற விளக்கத்தைச் சாதாரணமா சொன்னா, ஆபத்துக்கு ஆளாகுற ஒரு சமூகம் அதை எதிர்த்து நிக்கவும், உள்வாங்கவும், அதுக்கேத்த மாதிரி மாறிக்கவும், காலம் கடத்தாம மீளவும், அடிப்படை அமைப்புகளைக் காப்பாத்திக்கவும் உள்ள திறன்.

இப்ப தமிழுக்கு வருவோம். தாங்குதிறன் நல்ல சொல்தான், ஆனா அது தூணுக்கும் பாலத்துக்கும் பொருந்துற சொல், எவ்வளவு பாரம் தாங்கும்ங்குறதோட நின்னுடும், அடி விழுந்தப்புறம் என்ன நடக்கும்னு அதுல இல்ல. நெகிழ்திறன் வளையுறதை மட்டும் சொல்லுது. மீண்டெழும் தன்மைல உணர்ச்சி இருக்கு, ஆனா விழுந்தாத்தான் எழ முடியும், விழாமலே தப்பிச்ச ஊரை அதுக்குள்ள கொண்டுவர முடியாது. மீள்ங்குற வினையைக் கவனிச்சுப் பாருங்க. 'ஊருக்கு மீண்டான்'னா திரும்பி வந்தான். 'கடன்ல இருந்து மீண்டான்', 'நோயில இருந்து மீண்டாங்க'ன்னா விடுபட்டு வெளிய வந்தாங்க. கடன்ல இருந்து மீண்டவன் கடன் வாங்குறதுக்கு முன்னாடி நின்ன அதே இடத்துக்குப் போகணும்னு அவசியமே இல்ல, வேற இடத்துக்கு, இன்னும் நல்ல இடத்துக்குக்கூடப் போகலாம். லத்தீன் சொல்லுல இருந்த 'பழைய வடிவம்'ங்குற பாரம் தமிழ்ல தானா கழண்டு போகுது. வெள்ளத்துக்கு முன்னாடியும் தாழ்வான இடத்துல, குடிசையில, கூலிக்குக் கஷ்டப்பட்டுட்டு இருந்தவங்களைப் பாத்து 'பழைய நிலைக்கே கொண்டுவந்துட்டோம்'னு பெருமையா சொல்றது எவ்வளவு பெரிய அநியாயம்னு யோசிச்சா, இந்த வேறுபாடு ஏன் முக்கியம்னு புரியும்.

இன்னொன்னு இதைவிட முக்கியம். மீள்றது தன்வினை, மீட்குறது பிறவினை. மீட்புப் படை வந்து நம்மளை மீட்கும், ஆனா மீள்றது நாமதான். திட்ட அறிக்கைகள்ல ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க. படகு வாங்குனோம், கண்ட்ரோல் ரூம் கட்டுனோம், இத்தனை பேரை இடம் மாத்துனோம்னு எழுதி தலைப்புல ரெசிலியன்ஸ்னு போட்டுடுறாங்க. அது எல்லாம் தேவைதான், யாரும் மறுக்கல, ஆனா அது மீட்பு. வெளியில இருந்து யாரும் வந்து சேர்றதுக்கு முன்னாடி அந்த ஊர் தனக்குத் தானே என்ன செஞ்சுக்க முடிஞ்சுதுங்குறதுதான் மீள்திறன். 1995 ஜனவரில ஜப்பானோட கோபே நகரத்துல நிலநடுக்கம் வந்து 6,400 பேருக்கு மேல இறந்தாங்க, இடிபாட்டுல சிக்கினவங்கள்ல பெரும்பாலானவங்களை வெளிய எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான், ஏன்னா முதல் சில மணி நேரத்துல வேற யாரும் அங்க இல்ல.

'கம்யூனிட்டி'க்கு சமூகம்னு போடுறதுலயும் ஒரு சிக்கல். பேச்சுத் தமிழ்ல 'எங்க சமூகம்'னா பல பேருக்கு சாதிதான் முதல்ல காதுல விழும். அறிக்கையில 'சமூகத் தலைவர்களைக் கலந்து பேசவும்'னு இருந்தா அது எங்க போய் முடியும்னு சொல்ல வேண்டியதில்ல. ஒரு இடத்துல வாழ்ற எல்லாரையும், வாடகைக்கு இருக்குறவங்க, வேலைக்கு வந்தவங்க உட்பட சேத்துச் சொல்லணும்னா உள்ளூர்ச் சமூகம்னாவது சொல்லணும், இல்லன்னா நேரா 'ஊர் மீள்திறன்'னே சொல்லிடலாம். நகரமா இருந்தா 'பகுதி மீள்திறன்'.

சரி, இதை எப்படி அளக்குறது? ஃப்ரான் நோரிஸ்ங்குற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 2008ல நாலு திறன்களைச் சொன்னாங்க: பொருளாதாரம், சமூக உறவுகள், தகவல் பரிமாற்றம், சேர்ந்து முடிவெடுத்துச் செயல்படுற திறமை. சூசன் கட்டர்ங்குற ஆய்வாளரோட குழு 2010ல அமெரிக்க மாவட்டங்களை ஒப்பிட ஒரு குறியீடு உருவாக்குனாங்க, படிப்பு, வருமானம், வீட்டு வசதி, ஆஸ்பத்திரிப் படுக்கைன்னு ஏற்கனவே இருக்குற புள்ளிவிவரத்தை வச்சு. நகரங்களுக்கு ஐ.நா.வே ஒரு மதிப்பெண் அட்டை வச்சிருக்கு. எல்லாம் உபயோகம்தான், எந்தப் பகுதிக்கு முதல்ல பணம் போகணும்னு முடிவு பண்ண இது வேணும். ஆனா எண்ணால பிடிக்க முடியாத ஒன்னு இருக்கு, அதுக்கு சிகாகோதான் உதாரணம்.

1995 ஜூலைல அங்க அடிச்ச வெப்ப அலையில 700 பேருக்கு மேல செத்தாங்க. சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் பக்கத்துப் பக்கத்துல இருந்த ரெண்டு பகுதியை எடுத்துப் பாத்தார், வடக்கு லாண்டேல், தெற்கு லாண்டேல். ரெண்டுமே ஏழைப் பகுதி, ரெண்டுலயும் தனியா வாழ்ற முதியவங்க நிறைய, அடிச்ச வெயில் ஒன்னுதான். ஆனா இறப்பு விகிதம் வடக்குல கிட்டத்தட்ட பத்து மடங்கு. வடக்குல கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, தெருவுல இறங்கவே வயசானவங்க பயந்தாங்க, ஜன்னலைக்கூடச் சாத்திட்டு உள்ளேயே இருந்தாங்க. தெற்குல தெரு ஜே ஜேன்னு இருந்துச்சு, வெளிய போக இடம் இருந்துச்சு, ஒருத்தர் ரெண்டு நாள் கண்ணுல படலைன்னா யாராவது கேப்பாங்க. இதை எந்த அட்டவணையில எழுதுவீங்க?

அதனால மதிப்பீடு செய்ய வர்றவங்க முதல்ல நடக்கணும். ஊர்க்காரங்களோட சேர்ந்து ஊரைச் சுத்தி நடந்து, தண்ணி எங்க தேங்கும், எந்த வழி அடைபடும்னு தரையில வரைபடம் போட்டு, முன்னாடி வந்த ஆபத்துகளை வயசானவங்ககிட்ட கேட்டு வருஷவாரியா எழுதி, எந்த மாசத்துல கையில காசு இருக்காதுன்னு ஒரு காலண்டர் போடுற முறைகளைச் செஞ்சிலுவைச் சங்கங்கள் பல நாடுகள்ல பயன்படுத்துறாங்க. கேக்க வேண்டிய கேள்விகள் ரொம்ப நேரடியானவை. கரண்ட் மூணு நாள் இல்லன்னா யாரோட உயிருக்கு ஆபத்து? தானா நடந்து வெளிய வர முடியாதவங்க எந்தெந்த வீட்டுல இருக்காங்க, அவங்களை யார் தூக்குறது? போன் வேலை செய்யலைன்னா சேதி எப்படிப் போகும்? இந்தக் கேள்விகளை ஆம்பளைங்க மட்டும் உக்காந்த கூட்டத்துல கேட்டா பாதி பதில்தான் கிடைக்கும்.

வளர்க்குறதுங்குறது பெரும்பாலும் இந்தப் பதில்கள்ல இருந்துதான் கிளம்பும். வங்கதேசத்தைப் பாருங்க. 1970 புயல்ல குறைஞ்சது 3 லட்சம் பேர் செத்தாங்க. 1972ல அரசும் செஞ்சிலுவையும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டம் ஆரம்பிச்சாங்க, கிராமத்து ஆளுங்களே தன்னார்வலர்கள், மெகாஃபோன், கொடி, வீடு வீடா போய்ச் சொல்றது. 1991ல அப்படியும் சுமார் 1,38,000 பேர் போயிட்டாங்க, போதுமான புகலிடம் இல்ல, பெண்கள் அதிகமா செத்தாங்க. அதுக்கப்புறம் புகலிடங்கள் பெருகுச்சு, 2007ல சிதர் புயல்ல இறப்பு சுமார் 3,400. அதுவும் பெரிய இழப்புதான், ஆனா அந்த வித்தியாசத்துக்கு 35 வருஷ உழைப்பு ஆச்சு. மீள்திறன் ஒரு மூணு வருஷ ப்ராஜெக்ட்ல வந்துடும்னு எழுதுறவங்க இந்த வருஷங்களைக் கணக்குப் பாக்கணும்.

பணம் அதிகமா இல்லாம வந்ததும் உண்டு. இந்தோனேசியாவுல சிமெலூயே தீவுல 1907ல ஒரு சுனாமி பெரிய அழிவைக் கொடுத்துச்சு. அதை 'ஸ்மோங்'னு பேர் வச்சு கதையாவும் தாலாட்டாவும் பிள்ளைகளுக்குச் சொல்லிட்டே வந்தாங்க: நிலம் பலமா ஆடி கடல் உள்வாங்குனா மேட்டுக்கு ஓடு. 2004 டிசம்பர் 26ல நிலநடுக்க மையத்துக்கு மிகப் பக்கத்துல இருந்த அந்தத் தீவுல சுமார் 78,000 பேர்ல 7 பேர்தான் இறந்தாங்க. எச்சரிக்கைக் கருவி எதுவும் அவங்களுக்குச் சொல்லல.

ஊர் ஒத்துமையா இருந்தா எல்லாம் சரியாயிடும்னும் எடுத்துக்கக் கூடாது. 1923ல ஜப்பான் கான்டோ நிலநடுக்கத்துக்கு அப்புறம் வதந்தி பரவி, அக்கம்பக்கத்துக் காவல் குழுக்களே ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்னாங்க. உள்ளுக்குள்ள இறுக்கமா ஒட்டியிருக்குற உறவு மட்டும் போதாது, வேற ஆளுங்களோட பாலமா நிக்குற உறவும், அதிகாரத்துல இருக்குறவங்களைக் கேள்வி கேக்குற அளவுக்கு மேல்நோக்கிப் போற உறவும் வேணும். மதிப்பீட்டுல 'சமூக உறவு வலுவா இருக்கு'ன்னு ஒரு டிக் போட்டுட்டுப் போறவங்க, யாரோட யாருக்குன்னு கேக்கணும்.

'மக்கள் எப்படியும் மீண்டு வந்துடுவாங்க'ன்னு பாராட்டிட்டு வடிகால் கட்டாம விடுறதுக்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துறாங்க, அதுக்கு இடம் கொடுக்கவே கூடாது. தன்வினைன்னு சொன்னேனே தவிர, அரசுக்கு வேலை இல்லன்னு சொல்லல. புகலிடக் கட்டடத்தை ஊர்க்காரங்க சேர்ந்து கட்ட முடியாது.

கூட வர்ற மத்த சொற்களையும் பிரிச்சு வச்சுக்கிட்டா எழுதுறப்ப உதவும். ஹசார்ட் வந்தா இடர், டிசாஸ்டர் பேரிடர், ரிஸ்க்குக்கு இடர்வாய்ப்பு, வல்னரபிலிட்டிக்கு பாதிப்புக்கு உள்ளாகும் நிலை, ரெஸ்க்யூ மீட்பு, ரெகவரி மீட்சி, அடாப்டேஷன் தகவமைப்பு. மீட்சி நடந்து முடிஞ்ச ஒன்னைச் சொல்லுது, மீள்திறன் நடக்குறதுக்கு முன்னாடியே இருக்க வேண்டிய ஒன்னைச் சொல்லுது, ரெண்டையும் மாத்திப் போடாதீங்க. 'ரெசிலியன்ட் கம்யூனிட்டி'ன்னு வந்தா 'மீள்திறன் கொண்ட ஊர்' போதும், 'மீள்திறன்மிக்க'ன்னும் எழுதலாம், 'மீட்கப்பட்ட சமூகம்'னு மட்டும் எழுதிடாதீங்க.