முகத்தில் அடிக்கும் ஏசி காற்றை அடைப்பதற்கு முன்

போன மாதம் என்னிடம் ஏசி பார்க்க ஒரு கார் வந்தது. "டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் காற்றே வரவில்லை, கேஸ் குறைந்துவிட்டதா பாருங்கள்" என்றார் வண்டிக்காரர். கேஸ் குறைந்தால் காற்று வரும், குளிர்ச்சிதான் இருக்காது. அதனால் கேஸ் பக்கமே போகாமல், காற்றைத் தள்ளுகிற ஃபேனான ப்ளோயரையும் ஃபில்டரையும் பார்த்தேன். இரண்டும் சரி. டேஷ்போர்டில் காற்று வெளியே வருகிற வாயைத்தான் வென்ட் என்போம், ஓரத்து வென்ட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் நான்காக மடித்த அட்டைத் துண்டு ஒன்று, அதற்குப் பின்னால் கிழிந்துபோன டிஷ்யூ பேப்பர். டிஷ்யூ ஈரமாகி நூல் மாதிரி திரிந்து காற்றைத் திறந்து மூடுகிற ஷட்டர் தகட்டின் அச்சில் சுற்றிக்கொண்டிருந்தது, தகடு மூடியபடியே நின்றுவிட்டது. இடுக்கியால் துண்டு துண்டாக எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. எடுத்துக் காட்டியதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வந்தபோது கண் எரிகிறது என்று சொல்லியிருக்கிறார், இவர்தான் செருகியிருக்கிறார், வீட்டுக்கு வந்ததும் எடுக்க மறந்துவிட்டார்.

அவர் செய்ததில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. அம்மாவுக்குக் கண் எரிந்தது, கையில் கிடைத்ததை வைத்து அடைத்தார். கார் ஏசி வேலை பார்க்கிற என்னிடம் இப்படிக் கைக்குட்டை, பஞ்சு, பிளாஸ்டிக் பை, டேப் என்று அடைத்த வண்டிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அடைக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வென்ட்டை அடைத்தால் ஏசி கெட்டுப்போகாது, அந்தக் காற்று மற்ற வென்ட்களில் கொஞ்சம் வேகமாக வரும், அவ்வளவுதான். எதை வைத்து அடைக்கிறோம், எங்கே அடைக்கிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதற்கும் முன்னால், நிறைய வண்டிகளில் அடைக்க வேண்டிய அவசியமே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

"கொஞ்சம் காற்றுதானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா" என்று ஓட்டுகிறவர் நினைக்கலாம். நன்றாக வேலை செய்கிற ஏசியில் வென்ட்டிலிருந்து வரும் காற்று பொதுவாக 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். கூலிங் காயிலைத் தாண்டி வரும்போதே காற்றில் இருந்த ஈரம் காயிலில் தண்ணீராகப் படிந்து, ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டிவிடுகிறது. ஏசி போட்டு நிறுத்திய வண்டிக்குக் கீழே தேங்கி நிற்பது அந்தத் தண்ணீர்தான். இப்படி ஈரத்தை இழந்த காற்று இரண்டடி தூரத்திலிருந்து ஒரு மணி நேரம் நேராக முகத்தில் அடித்தால் கண்ணின் மேல் இருக்கிற கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உலராமல் என்ன செய்யும்? காண்டாக்ட் லென்ஸ் போட்டவர்களும் வயதானவர்களும் இதை முதலில் உணர்வார்கள். மூக்கும் தொண்டையும் வறண்டு இருமல் வருகிறவர்களும் உண்டு. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் எரிச்சல் நிற்கவில்லை என்றால் அதைக் கண் டாக்டர்தான் பார்க்க வேண்டும், வென்ட்டோடு முடிகிற விஷயம் இல்லை.

ஓட்டுகிறவர் பக்கம் வெயில் அடிக்கும், அவருக்குப் புழுங்கும், ஃபேனைக் கூட்டுவார். நிழல் பக்கம் இருப்பவர் குளிரில் சேலையையோ துப்பட்டாவையோ இழுத்துப் போர்த்திக்கொண்டு வாயைத் திறக்காமல் வருவார். வண்டி சொந்தக்காரரிடம் எப்படிச் சொல்வது என்கிற தயக்கம்தான் காரணம். ஓட்டுகிறவர்களே, நீங்களாக ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, அடைப்பதற்கு முன் என்ன செய்யலாம்? வென்ட்டுக்குப் பக்கத்தில் விரலால் உருட்டுகிற சின்னச் சக்கரம் இருக்கும், அதை உருட்டினால் உள்ளே இருக்கிற ஷட்டர் மூடும். சில வண்டிகளில் சக்கரம் இருக்காது, வென்ட்டின் நடுவில் இருக்கிற குமிழை ஓர் ஓரத்துக்கு முழுதாகத் தள்ளினால் மூடிக்கொள்ளும். வருடக்கணக்கில் வண்டி வைத்திருக்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது, காட்டிக் கொடுத்ததும் ஆச்சரியப்படுவார்கள். மூட வேண்டாம், முகத்தில் படாமல் இருந்தால் போதும் என்றால் பிளேடுகளை மேலே திருப்பிக் கூரையைப் பார்க்க வையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, கூரையில் பட்டுப் பரவித் தானாகக் கீழே இறங்கும், பின் சீட்டுக்கும் போய்ச் சேரும். நடு வென்ட் இரண்டையும் இரண்டு சீட்டுக்கும் இடையில் பின்னோக்கித் திருப்பினாலும் யார் முகத்திலும் நேராகப் படாது.

அடுத்தது ஃபேன். வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஃபேனை முழுதாக வைப்பது சரிதான், ஆனால் பத்து நிமிடத்தில் உள்ளே குளிர்ந்த பிறகும் அதே வேகத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஒன்றோ இரண்டோ குறைத்தாலே பாதித் தொந்தரவு போய்விடும். வெப்பத் திருகை எப்போதும் நீலத்தின் கடைசியில் வைத்துக்கொண்டு "குளிர் தாங்கவில்லை" என்பவர்களிடம் நான் சொல்வது, அதைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம் திருப்புங்கள் என்பதுதான். சாதாரணக் கைமுறை ஏசியில் அப்படித் திருப்பினால் குளிர்ந்த காற்றோடு ஹீட்டர் பக்கத்துச் சூடான காற்று கொஞ்சம் கலந்து வரும், எதுவும் கெட்டுப்போகாது. முகம், கால் இரண்டுக்கும் காற்றைப் பிரித்து விடுகிற மோடும் பெரும்பாலான வண்டிகளில் உண்டு, அதைத் தொடாமலே வண்டியை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகும் காற்று முகத்துக்கே வருகிறது, சக்கரத்தை மூடினாலும் கசிகிறது என்றால் பெரும்பாலும் வென்ட் பழுதாகியிருக்கும். வென்ட்டின் முன்னால் தெரிகிற படுக்கைவாட்டுப் பிளேடுகளுக்குப் பின்னால் நெடுக்குவாட்டில் இன்னொரு வரிசை உண்டு. ஒவ்வொரு வரிசையையும் தீக்குச்சி கனத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பி ஒன்றாகக் கோத்திருக்கும். மொபைல் ஸ்டாண்டை வென்ட்டில் மாட்டி மாட்டி அந்தக் கம்பியின் கொக்கி ஒன்று கழன்றுவிடும், அப்புறம் நான்கு பிளேடு மேலே பார்க்கும், ஒன்று மட்டும் தொங்கி நேராக முகத்தில் விடும். இடுக்கியால் கொக்கியை மறுபடி மாட்டினால் தீர்ந்தது, பத்து நிமிட வேலை. ஷட்டர் தகட்டைச் சுற்றி ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்ச் பழைய வண்டிகளில் மக்கிப்போகும். மடியில் கறுப்புத் துகள்கள் விழுகிறதா, விரலில் எடுத்து நசுக்கினால் பொடிப்பொடியாகப் போகிறதா, அது அந்த ஸ்பாஞ்ச்தான். அது போய்விட்டால் மூடிய வென்ட்டும் மூடிய மாதிரி இருக்காது. சில வண்டிகளில் நடு வென்ட் முழுதாக மூடாதபடியே செய்திருப்பார்கள், அதைப் பழுது என்று நினைத்து அழுத்தி உடைத்துவிட வேண்டாம்.

அடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், உள்ளே செருகாதீர்கள், வெளியே மூடுங்கள். நான் செய்து கொடுப்பது இப்படி. வென்ட்டின் வாயை ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்து, விரல் கனத்துக்கு இருக்கிற கெட்டியான ஃபோம் ஷீட்டில் அந்த அளவைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டுகிறேன். பிளேடுகளுக்கு முன்னால், ஓரச் சட்டத்துக்குள் அது அழுத்தமாக உட்காரும். முன்பக்கம் ஒரு சின்ன நாடாவை ஊசி நூலால் தைத்துவிடுகிறேன், பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும், மறந்தாலும் நாடா கண்ணில் படும். டேப் ஒட்டுகிறவர்கள் காகித மாஸ்கிங் டேப்பை ஒட்டி அன்றைக்கே உரித்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டிச் சூடாகும், அந்தச் சூட்டில் டேப்பின் பசை உருகிப் பிளேடில் ஒட்டினால் அப்புறம் பிளேடு அசையாது. காந்தத் தகடு ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு, வென்ட் பிளாஸ்டிக் என்பதால் ஒட்டாது.

ஆனால் சில இடங்களில் கை வைக்கவே கூடாது, இதை அழுத்தமாகவே சொல்கிறேன். முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற நீள வென்ட் கண்ணாடியில் படரும் பனியை விலக்குவதற்கானது, அதை எதுவும் மறைக்கக் கூடாது. ஓரத்து வென்ட்தான் பல வண்டிகளில் பக்கத்து ஜன்னல் கண்ணாடியையும் தெளிவாக வைக்கிறது, மழை நாளில் அடைப்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுகிறவருக்கு வெளியே இருக்கிற சைடு மிரர் தெரியாது. அதைவிட முக்கியம் முன் சீட்டுக்கு எதிரே டேஷ்போர்டில் மடிந்து கிடக்கிற ஏர்பேக். மோதினால் ஒரு நொடியில் 20-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் அது விரிந்துவிடும். அதன் மூடியின் மேல் ஒட்டிய அட்டையோ பிளாஸ்டிக் தடுப்போ அந்த வேகத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கே பறக்கும். வென்ட்டை மறைக்க டேஷ்போர்டு மேல் துண்டு விரிக்கிற பழக்கமும் வேண்டாம். ஏர்பேக் மூடியும் மறையும், வெள்ளைத் துண்டின் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து ரோட்டையும் மறைக்கும். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள வண்டியில் இன்னொன்றும் உண்டு. டேஷ்போர்டின் மேல், கண்ணாடிக்கு ஓரமாக, கறுப்புப் பொட்டு மாதிரி இருப்பது பெரும்பாலும் வெயிலை அளக்கிற சென்சார். கீழே சின்னச் சின்னத் துளைகளோடு இருப்பது உள் வெப்பத்தை அளப்பது. இவற்றை மூடினால் ஏசிக்குக் கணக்குத் தப்பிவிடும், குளிரைக் கூட்டும் அல்லது குறைக்கும், நீங்கள் ஏசி ரிப்பேர் என்று வண்டியைக் கொண்டுவருவீர்கள்.

எல்லா வென்ட்டையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டாம். காயில் மேல் போதுமான காற்று ஓடாவிட்டால் காயில் அளவுக்கு மீறிக் குளிரும். அதைப் பார்த்துக் கம்ப்ரசரை நிறுத்த ஒரு சென்சார் உண்டு, ஆனால் அது பழுதாகியிருந்தால் காயிலில் ஐஸ் கட்டி, இருக்கிற காற்றும் நின்றுபோகும். ஏசியை அணைத்துச் சிறிது நேரம் விட்டால் மறுபடி காற்று வருகிறது என்றால் இதைச் சந்தேகப்படலாம்.

பின் சீட்டில் குழந்தை இருந்தால், இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற பின் வென்ட் சரியாகக் குழந்தையின் முகத்து உயரத்தில் அமைந்துவிடும். அதை மேலே திருப்பிவிடுங்கள். குழந்தை சீட்டின் மேல் துணியைப் போர்த்திக் காற்றை மறைக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது, போர்த்திய துணிக்குள் வெப்பம் தேங்கும், குழந்தையின் முகமும் உங்களுக்குத் தெரியாது.

அந்த அம்மாவுக்கு நான் வெட்டிக் கொடுத்த ஃபோம் துண்டு இப்போது வண்டியின் க்ளவ் பாக்ஸில் இருக்கிறதாம், அவர் ஏறினால் மாட்டுகிறார்கள், இறங்கினால் எடுத்துவிடுகிறார்கள். நீங்களும் அடைப்பு வைத்திருந்தால், ஏசி சர்வீஸுக்கு வண்டியை விடும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள், அல்லது மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். நடு வென்ட்டில் தெர்மாமீட்டர் வைத்து, எல்லா வென்ட்டும் திறந்திருக்கும்போது எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்த்துத்தான் நாங்கள் அடுத்த வேலையைத் தொடங்குகிறோம்.