டவர் எடுக்காத வீட்டில் டாங்கிளை எங்கே வைப்பது?

கோத்தகிரிப் பக்கம் மாலை நான்கு மணிக்குப் பள்ளத்திலிருந்து வெள்ளையாக ஏறி வந்து தேயிலைத் தோட்டத்தை மூடத் தொடங்கியதும், எங்கள் தெருவில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "மிஸ்ட் இறங்கிருச்சு, இனி டவர் எடுக்காது." போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னார். மகளுக்குப் போட்டித் தேர்வுக்கான இணைய வகுப்பு தினமும் ஆறு மணிக்கு. அதற்காகவே சிம் போட்டு ஓட்டும் சின்ன வைஃபை பெட்டி ஒன்று வாங்கியிருந்தார். கடைக்காரர் அதை ஹாட்ஸ்பாட் என்பார். எங்களுக்கு அது டாங்கிள். வகுப்பு தொடங்கிய பத்தாவது நிமிடம் ஆசிரியர் வாய் திறந்தபடி உறைந்து நின்றுவிடுவாராம். "பனி போற வரைக்கும் இப்படித்தானா தம்பி?" என்று கேட்டார்.

பனி காரணமே இல்லை. மூடுபனி என்பது மிகச் சிறிய நீர்த்துளிகள். ஒரு துளியின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒன்று, இரண்டு பங்குதான். நம் ஊர் 4ஜி அலைவரிசைகளில் 850 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 35 செ.மீ.; 2300 மெகாஹெர்ட்ஸ் அலை 13 செ.மீ. அலையோடு ஒப்பிட்டால் துளி பல்லாயிரம் மடங்கு சிறியது. கடல் அலை மணல் துகளைப் பொருட்படுத்தாதது போல இந்த அலையும் அந்தத் துளியைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். எதிரே நிற்கும் ஆள் தெரியாத பனியிலும் ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீர் அரை கிராம் அளவுதான். அப்படிப்பட்ட பனிக்குள் 10 கி.மீ. பயணம் செய்தாலும் சிக்னல் ஒரு டெசிபெல்லில் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) பத்தில் ஒரு பங்கைக்கூட இழக்காது.

இதற்குச் சாட்சி ஊட்டிக்குப் பக்கத்திலேயே, முத்தோரையில் இருக்கிறது. கொடைக்கானலில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம், மேகம் மூடினால் வேலையை நிறுத்த வேண்டியதுதான். அது பார்ப்பது ஒளியை. முத்தோரையில் மலைச்சரிவில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கிக்கோ அந்தக் கவலை இல்லை, அது பிடிப்பது ரேடியோ அலையை. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று உருவாக்கி 1970-இல் இயங்கத் தொடங்கிய அது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நீலகிரியின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை என்பதால், அதே அளவு சாய்ந்த ஒரு சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பியே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 செ.மீ. நம் போனுக்கு வருவதைவிடப் பலமடங்கு மெலிந்த விண்வெளிச் சமிக்ஞையை அது பனிக்கு நடுவிலும் பிடிக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நின்று பார்க்காமல் வரத் தோன்றாது.

அப்படியானால் இத்தனை பேரும் சொல்வது வெறும் கற்பனையா? இல்லை. மழையில் டிடிஹெச் படம் உடைவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது 11, 12 கிகாஹெர்ட்ஸில் வருவது. அலைநீளம் இரண்டரை செ.மீ. அளவு. சில மில்லிமீட்டர் பருமனான மழைத்துளிகள் அதை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்யும். மலையில் டவருக்கும் டவருக்கும் இடையே கம்பியில்லாமல் ஓடும் இணைப்புகளிலும் இப்படி உயர் அலைவரிசையில் இயங்குபவை உண்டு. பெருமழை அவற்றைப் பாதிக்கும். காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் கரண்டும் போகும், டவரின் பேட்டரியும் தீரும். எல்லாவற்றையும்விட முக்கியம், பனி இறங்கும் நேரமும் ஊர் முழுக்க வீடு திரும்பிப் போனைத் திறக்கும் நேரமும் ஒன்று. ஒரு டவரின் கொள்ளளவை எல்லோரும் பங்கு போட்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். பனி கண்ணுக்குத் தெரிகிறது, நெரிசல் தெரிவதில்லை. அதனால் பழி பனி மேல் விழுகிறது.

நெரிசலை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பெட்டியை வைக்கும் இடம் நம் கையில் இருக்கிறது.

அக்கா வீட்டில் அது டிவி மேல் இருந்தது. பின்னால் மேட்டை ஒட்டிய கருங்கல் சுவர், மேலே தகரக் கூரை. தகரம் ரேடியோ அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மேடோ அதைவிட மோசம். டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலைமுகடு நின்றால் வீடு ரேடியோ நிழலில் விழுகிறது. முகட்டின் விளிம்பில் அலை கொஞ்சம் வளைந்து இறங்கும் என்பதால்தான் நிழலிலும் சற்றாவது கிடைக்கிறது. நீண்ட அலை அதிகம் வளையும், குறுகிய அலை குறைவாக. அதனால் 850 எட்டும் பள்ளத்துக்கு 2300 எட்டாமல் போகலாம். முகட்டில் கற்பூர மரத் தோப்பு இருந்தால் அதுவும் தன் பங்குக்கு விழுங்கும். மழையில் நனைந்த இலைகள் இன்னும் கூடுதலாக.

இந்தப் பெட்டிக்குள் இரண்டு ரேடியோக்கள் இருக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று தொலைவில் உள்ள டவரோடு பேசுகிறது, மற்றது வீட்டுக்குள் போனோடும் லேப்டாப்போடும். நாமோ பெட்டியைப் பயன்படுத்துகிறவர் பக்கத்தில் வைக்கிறோம். வீட்டுக்குள் பத்தடி தூரம் வைஃபைக்குப் பெரிய விஷயமே இல்லை, பல கி.மீ. தாண்டி வரும் டவர் சிக்னல்தான் இளைத்துப் போய் வருகிறது. அதன் பக்கம்தான் பெட்டி சாய வேண்டும்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கத் திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைவது அது. எண் வேண்டும். பெட்டியின் வைஃபையில் இணைந்துகொண்டு, பிரௌசரில் 192.168.1.1 அல்லது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியைத் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். பெரும்பாலான பெட்டிகளில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்று ஒரு மைனஸ் எண் இருக்கும்; டவரிலிருந்து வந்து சேரும் சிக்னலின் அளவு அது. மைனஸ் 85 அருமை, மைனஸ் 100 சமாளிக்கலாம், மைனஸ் 115 தாண்டினால் அவதி. 10 கூடினால் வந்து சேரும் திறன் பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள்.

டிவி மேல் மைனஸ் 118 காட்டியது. பவர் பேங்கில் இணைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றினோம். ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் வைத்து எண்ணைக் காலண்டர் தாளின் பின்பக்கம் அந்தப் பெண் எழுதினாள். வாசலில் 109. மச்சுப் படியில் 112. எதிர்மேட்டைப் பார்த்த அடுப்படி ஜன்னலில் 101. அங்கேயே ஒரு சாண் இடப்பக்கம் தள்ளியதும் 97! சுவரிலும் பாறையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதி, சில இடங்களில் வலுக்கும், சில இடங்களில் அழியும். 2300 மெகாஹெர்ட்ஸில் இந்த மேடுபள்ளம் ஆறேழு செ.மீ.க்கு ஒரு முறை வரக்கூடும். அதனால் ஜன்னலோடு நிறுத்தாமல் அந்த ஜன்னலுக்குள்ளும் தேட வேண்டும். 118-க்கும் 97-க்கும் உள்ள வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேல்.

மற்ற அமைப்புகள் சுருக்கமானவை. வைஃபையை 2.4 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் கல்சுவர் தாண்டுவதில் பின்தங்கும், டவரிலிருந்தே குறைவாக வரும்போது அந்த வேகத்தால் பயனும் இல்லை. அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். சிம் வாங்குமுன், வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருக்கும் சொந்தக்காரர்களை வீட்டுக்கு அழைத்து அதே ஜன்னலில் அவர்கள் போனை வைத்துப் பாருங்கள். அடுத்த தெருவில் நன்றாக எடுப்பது உங்கள் பள்ளத்தில் எடுக்க வேண்டுமென்பதில்லை.

பேட்டரியைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சிக்னல் மெலிந்தால் பெட்டி உரக்கப் பேசும். அதன் ஒலிபரப்புத் திறன் வழக்கமாக 200 மில்லிவாட் வரை போகும். பெட்டி சுடுவதும் சார்ஜ் சீக்கிரம் தீர்வதும் அதனால்தான். நல்ல இடம் கிடைத்ததும் அக்கா வீட்டுப் பெட்டி சுடுவது குறைந்தது. குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடும், முன்பே அணைந்துவிடும், சூடானதும் மீளும். ஆனால் பூஜ்யம் பாகைக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதமாகும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி இரவுகளில் வாசலில் விட்ட பெட்டியை விடியற்காலையில் எடுத்து உடனே சார்ஜரில் மாட்டாதீர்கள். அடுப்படி ஆவியில் அதன்மேல் நீர் கோக்கும். துடைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் மாட்டுங்கள். பின்மூடி உப்பியிருந்தால் அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள்.

மறுநாள் மாலை மிஸ்ட் ஜன்னல் கண்ணாடி வரை வந்து நின்றது. எதிர்மேடு தெரியவில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம்: மைனஸ் 97. "பனி இருக்கு, எண்ணு மாறலையே தம்பி" என்றார் அக்கா. உள்ளே வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது.