உயிரியல் பூங்காவா, விலங்குக் காட்சிச்சாலையா?

போன ஞாயிறு பழைய மெட்ராஸைச் சுற்றிக் காட்டிய தம்பி ஒருவர், ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் கையை நீட்டி, "1860களில் வந்த உயிரியல் பூங்கா இங்கேதான் இருந்தது" என்றார். ஒரு வாரத்தில் மூன்றாம் தடவை இந்தப் பெயரைக் கேட்கிறேன். காது பொறுக்கவில்லை.

'ஜூ' என்பதன் வேர் ஒரு கிரேக்கச் சொல். உயிருள்ளது, விலங்கு என்று பொருள். நாம் முதலில் மிருகக்காட்சிசாலை என்றோம். மிருகம் வடசொல் என்பதால் விலங்கு வந்தது. அது சரி. 'உயிரியல்' எங்கிருந்து நுழைந்தது?

பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேளுங்கள்: உயிரியல் என்றால் தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்தது. புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியரே எண்ணி வைத்திருக்கிறார். அப்படியானால் பெங்களூரின் தாவரப் பூங்காவான லால்பாக்கும் உயிரியல் பூங்காதானே? 'விலங்கு என்றால் பறவை அடங்காதே' என்பார்கள். விலங்கியல் பாடத்தில் காக்கையும் பாம்பும் மீனும் அடங்கும்போது, கூண்டுக்கு வந்ததும் அடங்காமல் போய்விடுமா? போதாக்குறைக்கு 'இயல்' வேறு. அது படிப்பின் பெயர். புலியைப் பார்த்துச் சுண்டல் தின்னப் போகிறவனுக்கு எதற்கு இயல்? மூலத்தில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துண்டு ஒட்டினால் மொழிபெயர்ப்பு ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் செய்த வேலை இது. அதிலும் தவறான துண்டை ஒட்டியிருக்கிறார்கள்.

பூங்கா என்பதும் அந்தப் பழைய இடத்துக்குப் பொருந்தாது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர் அங்கே தொடங்கிய விலங்குக் கூட்டம் பின்னர் ரிப்பன் மாளிகைப் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. பூங்கா என்பது அந்த பார்க். அதற்குள் கூண்டு வைத்துக் காட்டிய இடம் காட்சிச்சாலை. சாலை என்றால் ரோடு மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் பாடசாலையையும் தொழிற்சாலையையும் நினைத்துக்கொள்ளட்டும்.

பண்டிதர் யாரும் இல்லாமல் ஊர்ச்சனம் வைத்த பெயரைப் பாருங்கள்: அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்', இது 'உயிர் காலேஜ்'. பாதி ஆங்கிலம்தான், ஆனால் கிரேக்க வேருக்குக்கூட நெருக்கமாகப் போய்விட்டார்கள்! தூய்மை பேசும் நானே இதற்கு முன் வாயடைத்துப் போகிறேன்.

1985இல் வண்டலூரில் திறந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பெயர்ப்பலகை மாறாது, தெரியும். பேருந்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்பதில்லை, 'ஜூ'தான். பழைய கூண்டுகளைப் பற்றி எழுதும்போதாவது விலங்குக் காட்சிச்சாலை என்று எழுதுங்களப்பா.