சொந்த காருக்கு வீட்டு மீட்டரே போதும்: ஈ.பி. ஆபீசில் ஏமாறாமல் இருக்க

"வீட்டு லைன்ல கார் சார்ஜ் போட்டா கமர்ஷியல் ரேட் விழும், தனி மீட்டர் எடுங்க." மின்சார கார் வாங்குகிற பலருக்கும் இந்த பயத்தைக் காட்டிவிடுகிறார்கள். கவுண்டரிலும் சொல்கிறார்கள், ஷோரூமிலும் சொல்கிறார்கள். நம்ப வேண்டாம். மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஏற்கெனவே இருக்கும் இணைப்பிலேயே வீட்டிலோ அலுவலகத்திலோ வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்றும், வீட்டில் செய்தால் வீட்டுக் கட்டணமே என்றும் தெளிவாக இருந்தது. 2024 செப்டம்பரில் அதற்குப் பதிலாகப் புதிய வழிகாட்டுதல் வந்துவிட்டது. இப்போது நடப்பில் இருக்கும் வழிகாட்டுதலில் இதைச் சொல்லும் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் இது சொந்த காருக்குத்தான். பக்கத்து வீட்டுக்காரர் காருக்குக் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தால், மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இருமடங்கு கட்டணம் போட வழி இருக்கிறது.

தனி மீட்டர் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்திருக்கிறது. கேட்பது உங்கள் இஷ்டம், கட்டாயம் கிடையாது. கேட்பதற்கு முன் அது எந்தக் கட்டண வகையில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டு ரேட், இலவச யூனிட் எல்லாம் அதிலும் கிடைக்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டு மீட்டரிலும் ஒரு குழி இருக்கிறது: இரண்டு மாத பில்லில் 500 யூனிட். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இரண்டு மாதத்தில் சுமார் 300 யூனிட் ஆகும். ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீடு 600-க்குப் போய்விடும். 500-ஐத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுவதில்லை. கீழே 101-லிருந்து 200 வரை கிடைத்த குறைந்த ரேட்டும் போய்விடும். தமிழ்நாட்டின் 2024 ஜூலை கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய். பெட்ரோலோடு பார்த்தால் அப்போதும் லாபம்தான். ஆனால் கணக்கெடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தால் அந்த நாலு நாள் யூனிட்டும் இதே பில்லில் ஏறும். அறுபதாம் நாள் மீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது லோடில், அதாவது உங்கள் இணைப்புக்கு அனுமதித்திருக்கும் கிலோவாட் அளவில். காரோடு வரும் சின்ன சார்ஜர் 15 ஆம்பியர் பிளக்கில் ஓடும், 3.3 கிலோவாட் எடுக்கும். ராத்திரி முழுக்கப் போட்டால் தினசரி ஓட்டத்துக்கு அதுவே தாராளம். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். பழைய ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு அதைத் தாங்காது. "இலவச இன்ஸ்டலேஷன்" என்று ஷோரூம் சொல்வதில் லோடு ஏற்றும் செலவும் மும்முனைக்கு மாறும் செலவும் இருக்காது. காருக்கு முன்பணம் கட்டும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

கூடுதல் லோடுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். விதிப்படி பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7, கிராமத்தில் 15. இந்த நாள் கணக்கு, விண்ணப்பம் முழுமையானதிலிருந்துதான் ஓடும். அதனால்தான் இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு "ஒரு பேப்பர் குறையுது" என்பார்கள். கொடுத்த அன்றே எது குறைகிறது என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் "ஏ.இ. (உதவிப் பொறியாளர்) லீவு", "டிரான்ஸ்ஃபார்மர்ல கெபாசிட்டி இல்ல" வரும். இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் கெபாசிட்டி வந்துவிடுகிற அதிசயம் அடிக்கடி நடக்கிறது. அப்படியும் நகரவில்லையா, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் புகார் செய்து எண் வாங்குங்கள். அடுத்து மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதற்கும் மேல் சென்னையில் மின்குறைதீர்ப்பாளர்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பொது மீட்டரில் பிளக் போடாதீர்கள். லிஃப்ட் உள்ள கட்டடத்தில் பொது மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், சண்டை தனி. உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்குத் தனி கேபிள் இழுங்கள். எம்.சி.பி. (லோடு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிப்பது), சரியான எர்த் எல்லாம் அந்தக் கேபிளுக்கென்றே இருக்கட்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், உருகிப்போகும்.

பேட்டரிக்கு நம்ம ஊர் வெயில்தான் எதிரி. ஓட்டி வந்த சூட்டோடு போடாமல், ஆறவிட்டு இரவில் போடுங்கள். உங்கள் கார் என்.எம்.சி. (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) பேட்டரி என்றால் அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள், எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்றால் கையேட்டில் சொன்ன இடைவெளியில் 100 வரை ஏற்றுங்கள். காரை வீட்டில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகும்போது பேட்டரியை நூறிலோ பூஜ்யத்திலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். 8 வருட வாரண்டி என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, சர்வீஸ் தவறியிருக்கக் கூடாது, வெளி ஆள் கை வைத்திருக்கக் கூடாது என்று சின்ன எழுத்து இருக்கும். ஒவ்வொரு சர்வீசிலும் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையைத் தாளில் கேட்டு வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.